தாத்தாவின் கொப்பிகள்

சென்ற ஞாயிறன்று கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மாணவரொருவர் என்னை அணுகினார். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கண்டிக்குப் படிக்க வருபவர். கையில் எண்ணெய்க்கறை படிந்த மூன்று கொப்பிகள் இருந்தன. "ஐயா, இவை எங்கள் தாத்தா எழுதிய கதைகள். போன ஆண்டு அவர் காலமாகிவிட்டார். பிழைகளைத் திருத்தி, நல்ல தமிழுக்கு மாற்றி அச்சிடலாமா?" என்று கேட்டார். அவருக்குக் கூறிய விடை நேயர்கள் பலருக்கும் பயன்படுமாதலின் ஈண்டு எழுதுகிறேன்.

நெல்லைச் சீமையின் புகழ்பெற்ற எழுத்தாளர் புதுமைப்பித்தனை நாமனைவரும் அறிவோம். இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906இல் பிறந்த அவர், காசநோய்க்கு இரையாகி 1948இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். நம் நாட்டுத் தேயிலைத் தோட்ட வாழ்வைக் களமாகக் கொண்ட அவருடைய 'துன்பக்கேணி' 1935இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்தது. ஆதலால் மலைநாட்டவராகிய நமக்கும் அவர் அயலார் அல்லர்.

அவர் கண்மூடியபோது கதைகள் பல நூல்வடிவம் பெறாமல் பழைய இதழ்களிலே சிதறிக் கிடந்தன. பின்வந்த பதிப்புகள் அவற்றுட் பலவற்றைக் காத்தளித்தன. ஆயினும் ஒரு குழப்பமும் உடன் நேர்ந்தது. பிறமொழிக் கதைகளைத் தழுவி அவர் எழுதிய சில, அவருடைய சொந்தக் கதைகளோடு கலந்து நூலேறின. தழுவல் இலக்கியத்தை வாழ்நாளிற் கடுமையாகச் சாடியவர் அவர். அவரையே பிறர் கதையைத் தமதாக்கிக்கொண்டவரெனச் சிலர் பழிக்க இக்கலப்பு இடந்தந்தது. பதில் சொல்ல அவர் உயிரோடில்லை. வாதாடும் பொறுப்பு நண்பர் ரகுநாதன் தலையில் விழுந்தது.

இக்குறை தீர நெடுங்காலம் ஆயிற்று. அச்சேறாதவற்றையும் தொகுக்கப்படாதவற்றையும் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் திரட்டி, 1998இல் 'அன்னை இட்ட தீ' என்னும் நூலாகப் பதிப்பித்தார். ஆசிரியர் மறைந்து அப்போது ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன! 2000இல் கதைகள் அனைத்தையும், எக்கதை எவ்விதழில் எப்போது வந்ததென்ற குறிப்புகளோடு ஒரே நூலாக்கினார். எது மூலம், எது தழுவல் என்பதை வாசகர் அறிய வழி பிறந்தது.

இவற்றையெல்லாம் சொல்லி, "தம்பி, எந்தச் சொற்களை மாற்ற எண்ணுகிறீர்?" என்று வினவினேன். அவர் ஒரு கொப்பியை விரித்து, "'பெரட்டு' என்று எழுதியிருக்கிறார். 'அணிவகுப்பு' என்று போட்டால் படித்தவர்கள் மதிப்பார்கள் அல்லவா?" என்றார்.

மதிப்பார்கள், ஆனால் தாத்தா அங்கே இருக்கமாட்டார். விடியுமுன் பெரட்டுக்களத்திற் பனியில் நடுங்கி நின்றவரின் வாழ்வு அச்சொல்லில் அன்றோ இருக்கிறது! எழுத்துப்பிழையைத் திருத்தலாம், சொல்லைத் திருத்தலாகாது. படிக்க இயலாத இடத்தில் நம் ஊகத்தை நிரப்பாமல், இடம் விட்டுக் குறிப்பெழுத வேண்டும். வேறொரு கதையைத் தழுவியதாகத் தெரிந்தால் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும். அச்சேறிய பின்னரும் மூலக் கொப்பியை எறிந்துவிடலாகாது.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாளிதழில் தொடராக வந்து, பல்லாண்டுகள் சென்று 1981இல்தான் நூலாயிற்று. அத்தகைய பேறு பெறாத கதைகள் நம் வீட்டுப் பரண்களில் எத்தனையோ! அவற்றைக் கடதாசிக் கட்டென்று கடைக்கு நிறுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

மாணவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த சிவப்பு மைப்பேனாவை எடுத்து என்னிடம் நீட்டி, "இது இனி வேண்டாம், ஐயா" என்றார்.