பாதி மோடமும் முழு விலையும்

போன மாசம் கும்பப்பூ நடவு முடிஞ்ச மறுநாளு, தென்னந்தோப்பு மோட்டாருக்கு வச்சிருந்த செல்போன் ஸ்டார்ட்டர் நின்னு போச்சு. மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கரண்டு மூணு பேஸும் வருது. சிம்முல பணம் இருக்கு. வீட்டுலருந்து போன் அடிச்சா தோப்புல மோட்டார் ஓடணும், ஓடல. வித்தவங்ககிட்ட கேட்டேன். "அந்த மாடல நிறுத்தியாச்சு அண்ணாச்சி, அதுக்க ஆப்பும் இப்ப இல்ல. புதுசு ஒண்ணு மாத்திருங்க"ன்னு சொல்லிட்டாங்க. மூணு வருசம் முழுசா ஆகாத சாமான். உள்ள எது கெட்டுப்போச்சுன்னு கேட்டா அவங்களுக்கும் தெரியல.

இதே மாதிரி ஒரு சங்கடத்த நான் 2008-ல ஒருதடவை பட்டிருக்கேன். அப்ப சாமான் மோடம். கம்ப்யூட்டர போன் லைன்ல கோத்து இன்டர்நெட் பாக்கறதுக்கு உள்ள பெட்டி. இன்னைக்கு உள்ள பிள்ளைகளுக்கு அது என்னன்னே தெரியாது. ஆனா அந்த மோடம்கிட்ட நான் படிச்ச பாடம் இந்த ஸ்டார்ட்டருக்கும் அப்படியே பொருந்துது. அதனாலதான் எழுதுறேன்.

அப்ப எங்க ஊருக்கு பிராட்பேண்ட் வரல. பி.எஸ்.என்.எல். போன் மட்டும் இருந்தது. தங்கச்சி மகன் நாகர்கோவில்ல பாலிடெக்னிக் படிச்சுக்கிட்டு இருந்தான். அவன்தான் ஒரு பழைய கம்ப்யூட்டர ஆட்டோவுல வச்சு கொண்டு வந்தான். அதுல உபுண்டுன்னு ஒரு லினக்ஸ போட்டான். அந்த காலத்துல உபுண்டுக்காரங்க சிடிய காசு வாங்காம, தபால் செலவும் வாங்காம வீட்டுக்கே அனுப்பித் தருவாங்க. 2011 வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. வெளிநாட்டுக் கவரப் பாத்துட்டு எங்க தபால்காரர், "என்னவே, வெளிநாட்டுல ஆளு இருக்கா?"ன்னு கேட்டாரு.

எனக்கு எதுக்கு இன்டர்நெட்டு? ஏத்தன் வாழைக்கு. ஓணத்துக்கு முன்ன நம்ம பக்கத்து ஏத்தங்குலை பூரா கேரளாவுக்குத்தான் போகும். வெட்டுற அன்னைக்கு காலம்பற யாவாரி வந்து "மார்க்கெட் இறங்கிட்டு அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. அது உண்மையா பொய்யான்னு பாக்க நமக்கு ஒரு வழியும் கிடையாது. அக்மார்க்நெட்டுன்னு ஒரு மத்திய அரசுத் தளத்துல சந்தை விலை எல்லாம் போடுறாங்கன்னு மருமவன் சொன்னான். அதுதான் ஆசை.

கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு மோடம் அட்டை இருந்தது. போன் வயர செருகினோம். மோடத்தத் தேடிப் பிடிக்கறதுக்கு டபிள்யூ.வி.டயல்னு ஒரு சின்ன புரோகிராம். அத ஒரு லினக்ஸ் பத்திரிகையோட வந்த சிடியிலருந்து மருமவன் போட்டான். அது ஓடி முடிச்சு, 'மன்னிக்கணும், மோடம் எதுவும் தென்படல'ன்னு சொல்லிச்சு. கண்ணு முன்ன அட்டை இருக்கு, வயரு இருக்கு, ஆனா மோடம் இல்லியாம். "மருமவனே, உனக்க லினக்ஸுக்கு கண்ணு தெரியாதோ?"ன்னு நானும் சிரிச்சேன். தப்பு லினக்ஸ்மேல இல்லைன்னு பிறகுதான் தெரிஞ்சது.

விசயம் இதுதான். மோடத்துக்க வேலை, கம்ப்யூட்டருக்க எண்கள போன் கம்பியில போகக்கூடிய சத்தமா மாத்துறது, வர்ற சத்தத்த திரும்ப எண்ணா மாத்துறது. முழு மோடத்துல அதுக்குன்னு தனி சில்லு இருக்கும். 1990-கள்ல விலைய குறைக்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அந்த சில்ல எடுத்துட்டு, அந்த வேலைய கம்ப்யூட்டருக்க தலையிலேயே கட்டிவச்சாங்க. அத செய்யறதுக்கு ஒரு டிரைவர் மென்பொருள விண்டோஸுக்கு மட்டும் எழுதிக் குடுத்தாங்க. இதுக்கு வின்மோடம்னு பேரு. அட்டையில இருக்கது பாதி மோடம்தான். மிச்ச பாதி அந்த டிரைவர்ல இருக்கு. அது எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்கும் சொல்லவும் மாட்டாங்க. நொகத்தடி இல்லாம கலப்பைய வித்துட்டு, நொகத்தடி எங்ககிட்ட மட்டும்தான் உண்டுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

உலகம் பூரா லினக்ஸ்காரங்க இதோட மல்லுக்கட்டியிருக்காங்க. சில அட்டைகளுக்கு டிரைவர் உண்டு. ஒரு வகைச் சில்லுக்கு உள்ள லினக்ஸ் டிரைவர் சும்மா எடுத்தா 14.4 கிலோபிட் வேகம்தான் தரும், முழு வேகம் வேணும்னா காசு கட்டணும். வேற சிலதுக்கு நாமே அத நம்ம கர்னலுக்கு ஏத்த மாதிரி கட்டி எடுக்கணும். அந்த டிரைவர் எங்க இருக்கு? இன்டர்நெட்டுல இருக்கு. இன்டர்நெட்டுக்குப் போக டிரைவர் வேணும். மருமவன் பென் டிரைவ எடுத்துக்கிட்டு வடசேரிக்கு பஸ் ஏறி, பிரவுசிங் சென்டர்ல மணிக்கணக்குல உக்காந்து இறக்கிட்டு வருவான். இங்க வந்து போட்டா வேற ஒண்ணு குறையுதுன்னு சொல்லும். திரும்ப பஸ். மூணு வாரம் இப்படியே போச்சு.

கடைசியில அவனுக்கே ஒரு யோசனை. மூடப்போற ஒரு பிரவுசிங் சென்டர்லருந்து வெளிய வச்சு கோக்குற மோடம் ஒண்ண 600 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தான். செங்கல் கணக்கா ஒரு பெட்டி, முன்னால சின்னச் சின்ன விளக்கு, பின்னால ஒன்பது முனை உள்ள சீரியல் வயரு. இது முழு மோடம். அதே புரோகிராம ஓடவிட்டோம். ஒரு நிமிசம்கூட ஆகல, மோடம் இருக்குன்னு சொல்லிட்டு. டிரைவர் ஒண்ணும் கேக்கல.

அதோட முடிஞ்சுதான்னா இல்ல. டயல் பண்ணச் சொன்னா 'டயல் டோன் இல்ல'ன்னு நின்னுச்சு. போன எடுத்துக் காதுல வச்சா டோன் நல்லா கேக்குது. காரணம் என்னன்னா, அந்த மோடம் எதிர்பாக்கறது அமெரிக்காவுக்க டோன். அது 350-ம் 440-ம் ஹெர்ட்ஸ் சேர்ந்த சத்தம். நம்ம நாட்டு டோன் 400 ஹெர்ட்ஸ சுத்தி உள்ள வேற சத்தம். நமக்கு ரெண்டும் ஒண்ணுதான், அதுக்கு அப்படி இல்ல. அமைப்பு எழுதுற பைல்ல ஏ.டி.எக்ஸ்.3-ன்னு ஒரு சொல்லச் சேத்தா, டோனுக்குக் காத்து நிக்காம நேரா நம்பர அடிச்சிடும். சேத்தோம். பெட்டி கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சது. அடுப்படியிலருந்து எங்க அம்மை, "எடே, பூனை எதுக்கு இந்தக் கரைச்சல் கரையுது?"ன்னு கேட்டா.

லைன் கிடைச்சது, ஆனா பக்கம் ஒண்ணும் திறக்கல. தளத்துக்க பேர எண் விலாசமா மாத்தித் தர்ற சர்வர் எதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியல. அந்த எண்ண இன்னொரு பைல்ல எழுதணும். எழுதினோம், திறந்தது. வேகம் 28,800 பிட். ஒரு எம்.பி. படம் இறங்க அஞ்சு நிமிசம் ஆகும். அதுவரைக்கும் யாரு வீட்டுக்கு போன் அடிச்சாலும் எங்கேஜ்டுதான். ஆனா விலைப் பட்டியல்ல இருக்கது எழுத்துதானே, அது வந்துட்டு.

அதனால நான் பணக்காரன் ஆயிடல. அதுல இருந்த விலை ரெண்டு நாள் முந்தினது. ஆனா யாவாரி "இறங்கிட்டு"ன்னு சொன்னப்ப, "எங்க இறங்கிச்சு அண்ணாச்சி, திருவனந்தபுரத்துலயா? முந்தாநாளு இவ்வளவு இருந்துதே"ன்னு கேக்க முடிஞ்சது. அவரு கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. பிறகு கிலோவுக்கு ஒண்ணரை ரூபா கூட்டித் தந்தாரு. கையில ஒரு தகவல் இருந்தா பேச்சுக்க தோரணையே மாறும்.

இந்தக் கதைய கேட்ட எங்க ஊரு வாத்தியார் ஒருத்தர் அன்னைக்கே சொன்னாரு: "இதுக்கு விண்டோஸ் போட்டிருந்தா பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்குமே. லினக்ஸ் எல்லாம் படிச்சவனுக்க விளையாட்டு. சம்சாரிக்கு எதுக்கு?" அவரு சொன்னதுல நியாயம் உண்டு. மூணு வாரம் எனக்கும் மருமவனுக்கும் போனது உண்மை. சொல்லித் தர ஒரு பையன் இல்லைன்னா என்னால முடிஞ்சிருக்காது. பழக்கித் தர ஆளு வைக்காம லினக்ஸ மட்டும் குடுத்தா அது மூலையிலதான் கிடக்கும். நம்ம அரசு 2011-ல தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்துல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுக் குடுத்தாங்க. எங்க தெருவுல அத ஒருதடவையாவது திறந்து பாத்த பிள்ளைய நான் காணல. களியக்காவிளை தாண்டினா கேரளாவுல பள்ளிக்கூடத்திலேயே லினக்ஸ்லதான் பாடம் நடக்குது. வாத்தியார்மார பழக்கிட்டுத்தான் அத நடத்துறாங்க.

ஆனா அந்த பத்து நிமிசத்துக்கு ஒரு விலை இருக்கு. பாதி மோடத்துக்க டிரைவர் சிடி தொலைஞ்சாலோ, அடுத்த விண்டோஸுக்கு கம்பெனிக்காரன் டிரைவர் எழுதலைன்னாலோ விண்டோஸ்லயும் அந்த அட்டை குப்பைதான். எங்க பெட்டி அப்படி இல்ல. எந்தக் கம்ப்யூட்டர்ல கோத்தாலும் பேசும். மூணு வாரத்துல நாங்க கண்டதெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சேன். ஒவ்வொரு தப்புக்கும் மிசின் காரணம் சொல்லிச்சு, ஒவ்வொரு அமைப்பும் திறந்து வாசிக்கக்கூடிய பைலா இருந்தது. அந்த நோட்ட வச்சு பிறகு ரெண்டு வீட்டுல நானே நெட்டு வரவச்சுக் குடுத்திருக்கேன். பத்தாம் கிளாஸ் படிச்சவன் நான்.

லினக்ஸுக்க வேரே இப்படி ஒரு வழக்குலதான் இருக்கு. 1980 வாக்குல அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ரிச்சர்ட் ஸ்டால்மன் வேலை பாத்த இடத்துக்கு ஒரு புது லேசர் பிரிண்டர் வந்தது. பேப்பர் சிக்கினா ஆளுகளுக்குத் தகவல் போற மாதிரி பழைய பிரிண்டருக்க மென்பொருள அவரே திருத்தி வச்சிருந்தாரு. புதுசுக்கு அது முடியல. மூல நிரல கேட்டதுக்கு தர மாட்டேன்னுட்டாங்க. அந்தக் கோவம் மனசுல கிடந்து, 1983-ல க்னூ திட்டத்த அறிவிச்சாரு. 1991-ல பின்லாந்துல லினஸ் டோர்வால்ட்ஸ்ங்கிற மாணவர் கர்னல எழுதினாரு. ரெண்டும் சேர்ந்ததுதான் எங்க வீட்டுக்கு கவர்ல வந்த சிடி.

பழசு நல்லது, புதுசு கெட்டதுன்னு நான் சொல்ல வரல. நம்ம திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.பி.எஸ். 3 நெல்லு விஞ்ஞானிகள் உண்டாக்கினதுதான். ஆனா அந்த விதைய நாம எடுத்து வச்சு அடுத்த பூவுக்கு விதைக்கலாம், பக்கத்து வயக்காரனுக்கு ரெண்டு மரக்கால் குடுக்கலாம். வீரிய ஒட்டு விதை அப்படி இல்ல, ஒவ்வொரு பூவுக்கும் கடையில போய் நிக்கணும். எந்தச் சாமானா இருந்தாலும் அது நம்ம கையில முழுசா வருதா, பாதி வித்தவன் கையிலேயே நிக்குதாங்கிறதுதான் என் கேள்வி.

இப்ப ஸ்டார்ட்டருக்கு வாரேன். செல்போன்ல மோட்டார் ஓட்டுற இந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மூலமா அரசு மானியம் குடுக்குது. நல்ல காரியம். ராத்திரி கரண்டு வரும்போது பாம்புக்குப் பயந்து தோப்புக்குப் போக வேண்டாம். நான் வாங்கினது மானியத்துல இல்ல, கடையில. ஆனா மானியத்துக்கு எழுதிக் குடுக்கப்போறவங்களுக்கும் நாளைக்கு இந்த கதி வரலாம். நம்ம எல்லாருக்க வரிப்பணமும் அதுல போகுது. அதனால மானியம் தர்ற கருவிக்கு அரசு ஒரு நிபந்தனை போடணும்: கம்பெனி மூடினாலும், ஆப்ப நிறுத்தினாலும் அந்தப் பெட்டி ஓடணும். பலகைக்க வரைபடமும் அமைப்பு முறையும் ஊரு எலக்ட்ரீசியன் கையில கிடைக்கணும். 2022 ஜூலையில மத்திய அரசு பழுது பாக்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டுது. அதுல செல்போன், காரு, வீட்டுச் சாமான்களோட விவசாயக் கருவியையும் சேத்திருக்காங்க. அந்தப் பேச்சு தோப்பு வரைக்கும் வந்து சேரணும்.

அதுவரைக்கும் வாங்கப் போறவங்க கடையில மூணு கேள்வி கேட்டுருங்க. ஆப்பு இல்லாம சும்மா போன் அடிச்சா, மெசேஜ் அனுப்பினா ஓடுமா? வேற கம்பெனி சிம்ம போட்டா எடுக்குமா? கெட்டுப்போனா பலகைய திறந்து பாக்க நம்ம ஊர்ல ஆளு உண்டா? மூணுக்கும் பதில் இல்லைன்னா அது பாதி மோடம்தான், விலை மட்டும் முழுசு.

நான் இப்போதைக்கு பழைய பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டரையே திரும்ப மாட்டிட்டேன். மருமவன் இப்ப கோயம்புத்தூர்ல இருக்கான், பொங்கலுக்கு வருவான். செத்துப்போன அந்தப் பலகைய அவனுக்காக எடுத்து வச்சிருக்கேன். உங்க வீட்டுலயும் இதுமாதிரி ஒண்ணு கெட்டுக் கிடந்தா பழைய இரும்புக்குப் போட்டுராதீங்க, அந்த நேரத்துல கொண்டு வாங்க. நாலஞ்சு பலகைய ஒண்ணா வச்சுப் பாத்தா ஏதாவது ஒரு வழி தெரியும். நோட்டு நான் எடுத்து வைக்கேன்.