யானை ஏறினாலும் நிற்குமா உங்கள் சிலப்?



எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் மேல் சிலப்பில் 2000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பாஸ், இந்தச் சிலப் எவ்வளவு தாங்கும்?" என்று மேசனிடம் கேட்டேன். "யானை ஏறினாலும் நிக்கும் சேர்" என்றார். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி, "என்ட டயரே 30 றாத்தல் தாங்குது, சிலப் தாங்காதா சேர்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தம்பி என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்.

டயரில் 30 என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு 30 றாத்தல் அமுக்கம். சிலப்பின் பாரத்தைச் சதுர அடிக்கு இத்தனை றாத்தல் என்று பார்ப்பார்கள். ஒரு சதுர அடிக்குள் 144 சதுர அங்குலம் இருக்கிறது. ஆகவே டயரின் 30, சதுர அடிக் கணக்கில் 4320. "எதன் மேல்" என்ற ஒரு சொல்லை விழுங்கினால் 144 மடங்கு பிழை.

பொறியியலாளர் கிலோநியூட்டனில் பேசுவார். சதுர மீற்றருக்கு ஒரு கிலோநியூட்டன் என்றால் அதுதான் ஒரு கிலோபஸ்கால். சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 102 கிலோ, சதுர அடிக்கு ஏறத்தாழ 21 றாத்தல். பிரித்தானிய நியமத்தில் சாதாரண வீட்டுத் தளத்தின் பாவனைப் பாரம் 1.5 கிலோநியூட்டன். அதாவது சதுர அடிக்கு 31 றாத்தல்.

இப்போது தண்ணீருக்கு வாருங்கள். ஒரு அடி உயரத் தண்ணீர், தான் நிற்கும் ஒவ்வொரு சதுர அடியிலும் 62 றாத்தலுக்கு மேல் அமர்த்தும். தாங்கி ஒல்லியா குண்டா என்பது இங்கே கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. ஐந்து அடி நிரம்பினால் 312 றாத்தல். 31 எங்கே, 312 எங்கே? அரை அடித் தண்ணீரிலேயே 31 முடிந்துவிட்டது!

"தாங்கி முழுச் சிலப்பையும் மூடுவதில்லையே, சுற்றியுள்ள பகுதி பாரத்தைப் பகிராதா?" என்று கேட்பீர்கள். பகிரும். கீழே பீமும் தூணும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் எவ்வளவு பகிரும் என்பதைக் கம்பியும் கனமும் பார்த்துக் கணக்குப் போட்டவர் சொல்லவேண்டும். யானைக் கதை சொல்லக்கூடாது.

கடையில் கிலோவுக்கு 50 கிராம் குறைந்தால் சண்டைக்கு நிற்கிறோம். அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்று ஜும்ஆவில் தலையாட்டுகிறோம். நம் பிள்ளைகளின் தலைக்கு மேல் இரண்டு தொன்னை ஏற்றும்போது மட்டும் "ஒண்டும் ஆகாது" என்கிறோம். தவக்குல் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள். அது சோம்பல்.

குற்றம் மேசன் பாஸ் மீது மட்டுமல்ல. அமுக்கம் என்றால் விசையைப் பரப்பளவால் வகுப்பது என்று கரும்பலகையில் எழுதி, சாதாரண தரப் பரீட்சைக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்துவிட்டு, சிலப்பையும் டயரையும் பிள்ளைக்குக் காட்டாமல் விட்ட என்னைப் போன்ற ஆசிரியர்களும் இதற்குப் பொறுப்பு.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். தாங்கி ஏற்றுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: நிரம்பினால் மொத்தம் எத்தனை கிலோ? அது எத்தனை சதுர அடியில் அமர்கிறது? கீழே பீம் எங்கே, தூண் எங்கே? மாடியில் ஹவுள் கட்ட நினைக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும் இதே கேள்விகள்தான். மூன்று அடித் தண்ணீர் என்றால் சதுர அடிக்கு 187 றாத்தல், தொழ வருபவர்களின் பாரம் வேறு.

பதில் கிடைக்காவிட்டால் தாங்கியை இறக்கிவையுங்கள். கோபிக்கிறவர்கள் என்னோடு கோபித்துக்கொள்ளட்டும்.

வஸ்ஸலாம்.