விடுதலை சரி, இழப்பீடு உண்டென்று சொல்வது யார்?

புதுதில்லி: கைது செய்யப்படுபவரிடம் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. தண்டிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் இருந்து விடுதலையாகும் ஒருவரிடம் மட்டும், இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு கோரலாம் என்று சொல்லும் கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை.

தேனி மாவட்டம் சுருளி அருவி அருகே 2011-ல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவரை, 2025 ஜூலை 15-ம் தேதி உச்ச நீதிமன்றம் விடுவித்தது. தவறான சிறைவாசத்துக்கு இழப்பீடு தருவது குறித்து சட்டம் இயற்றும் மன்றம்தான் முடிவெடுக்க வேண்டும் என்றும் அது குறிப்பிட்டது.

இது புதிய யோசனை அல்ல. தில்லி உயர் நீதிமன்றம் 2017-ல் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆராய்ந்த சட்ட ஆணையம், 2018 ஆகஸ்டில் அளித்த 277-வது அறிக்கையில், தனிச் சட்டப் பிரிவுகளும் சிறப்பு நீதிமன்றங்களும் வேண்டும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆதாரமின்றிக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பெற்றுத்தரும் பழைய பிரிவு மட்டும் புதிய எண்ணுடன் தொடர்கிறது. ஆயிரம் ரூபாய்!

எஞ்சியிருப்பது ரிட் மனு. விடுதலைக்குப் பின்னும் 14 ஆண்டுகள் சிறையில் வைக்கப்பட்ட பிகார் கைதிக்கு 1983-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்கியதிலிருந்து இந்த வழி திறந்திருக்கிறது. நாகர்கோவிலைச் சேர்ந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் அதில் வென்றார். அவர் தண்டிக்கப்பட்டவர் அல்லர். 1994-ல் திருவனந்தபுரத்தில் கைதாகி 50 நாள் சிறையில் இருந்தவர். உச்ச நீதிமன்றம் ரூ. 50 லட்சம் வழங்க உத்தரவிட்டது 2018-ல். நாடறிந்த விஞ்ஞானிக்கே 24 ஆண்டுகள் ஆயின. அவர் ஊரிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் வழியில் பாறசாலை, குன்னத்துகால் எனத் தமிழும் மலையாளமும் கலந்த எல்லைக் கிராமங்கள் உள்ளன. அங்குள்ள ஒரு கூலித் தொழிலாளிக்கு ரிட் மனு என்றொன்று இருப்பதை யார் சொல்வார்கள்?

ஜெர்மனியில் இழப்பீட்டுக் கடமை உண்டா என்பதை விடுவிக்கும் நீதிமன்றமே முடிவு செய்கிறது. பின்னர் விண்ணப்பிக்கும் உரிமையை உரியவருக்கு அரசுத் தரப்பு வழக்குரைஞர் அலுவலகம் தெரிவிக்க வேண்டும். ஆறு மாதக் காலக்கெடு, அந்த அறிவிப்பு கைக்குக் கிடைத்த பிறகே தொடங்குகிறது. இங்கே கெடுவும் இல்லை, அறிவிப்பும் இல்லை.

தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடுதலை உத்தரவுடன் ஒரு பக்க அறிவிப்பை, கைதி அறிந்த மொழியில், சிறையிலேயே கொடுக்கும்படி உயர் நீதிமன்றங்கள் பணிக்கலாம். அதில் சட்டப்பணிகள் ஆணைக் குழுவின் முகவரியும் இருக்க வேண்டும். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருப்பவருக்கு, வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வெளியே வந்த நிமிடம் அந்தத் தகுதி போய்விடுகிறது. சட்டம் சொல்லும் வேறு ஏதேனும் தகுதியைக் காட்டித்தான் மீண்டும் கேட்க முடியும். எனவே இழப்பீட்டு மனுவில் அவர் கையொப்பமிட ஏற்ற இடம், சிறைக்குள் இருக்கும் சட்ட உதவி மையம்தான்.