முதலில் படம் போடு

எங்கள் தெருப் பையன் ஒருவன் பெங்களூர் போய் சி.சி.ஐ.இ. செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டுத் திரும்பினான். 1993-லிருந்து சிஸ்கோ நடத்தும் நெட்வொர்க் பரீட்சை. எட்டு மணி நேரம். கட்டணம் லட்ச ரூபாயைத் தாண்டும். அம்மாவின் வளையல் அடகுக் கடையில்.

"கஷ்டமாப்பா?"

"தெரியாதது ஒண்ணுமில்ல சார். டயம் பத்தல."

பயிற்சி நோட்டைக் காட்டினான். அசந்துபோனேன். ரவுட்டருக்கெல்லாம் நிழல். ஒவ்வொரு கோட்டிலும் முழுநீள ஐ.பி. முகவரி. கல்யாணப் பத்திரிகை தோற்றது!

"இதுக்கு எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம் சார்."

எட்டில் ஒன்று காலி.

அதற்காகப் படமே வேண்டாமா? புதுச்சேரிக்காரன் அப்படிச் சொல்லலாமா? 1693-ல் டச்சுக்காரர்கள் நம் ஊரைப் பிடித்தார்கள். 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் செய்த உருப்படியான காரியம், தெருக்களைக் கட்டம் கட்டமாகப் படம் போட்டது. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்டத் தொடங்கியபோது, அதே கட்டம்தான். ஊர் போனாலும் படம் நின்றது.

இந்தப் பரீட்சை பாஸ் பண்ணின என் மச்சினனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்ன வித்தை:

ரவுட்டருக்கு ஒரு வட்டம், உள்ளே எண். அவ்வளவுதான். முதல் ரவுட்டருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 10.1.12.0 என்றால், கோட்டின் மேல் 12 மட்டும். இந்த முனையில் 1, அந்த முனையில் 2. பொதுவான 10.1 என்பதை மூலையில் ஒரே தடவை. ஓ.எஸ்.பி.எஃப். ஓடும் பகுதியைச் சுற்றி ஒரு நிறம், பி.ஜி.பி.க்கு இன்னொன்று. ஸ்விட்ச், வி-லான் சமாச்சாரம் தனியாக. கலந்தால் இடியாப்பம்!

இரண்டு நிறம் சந்திக்கும் ரவுட்டரில் கட்டாயம் ஒரு நட்சத்திரம். இந்தப் பக்கத்து வழிகளை அந்தப் பக்கத்துக்குச் சொல்லும் இடம் அது. அப்படி இரண்டு இடம் இருந்து, வடிகட்டாமல் விட்டால், இங்கே கிளம்பின வதந்தி ஊர் சுற்றி இங்கேயே செய்தியாகத் திரும்பும். பாக்கெட் செக்குமாடுதான். நம் ஊரிலும் அப்படித்தானே? அந்தப் பக்கம் வெள்ளையர் நகரம், இந்தப் பக்கம் தமிழர் பகுதி, நடுவே பெரிய வாய்க்கால். நெரிசல், வாய்க்காலைத் தாண்டும் இடத்தில்தான்.

மொத்தம் பதினைந்தே நிமிஷம். அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கீபோர்டைத் தொட வேண்டும்.

பையனிடம் சொன்னேன். முகம் சுளித்தான்.

"அழகா இருக்காதே சார்?"

"மார்க் படத்துக்கு இல்லப்பா, ஓடுற நெட்வொர்க்குக்கு."

அடுத்த தேதி வாங்கிவிட்டான். தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து, வாட்ச்சைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு படம் போட்டுப் பழகுகிறான். நேற்று பதினெட்டு நிமிஷம்.

இன்னும் மூன்று குறைய வேண்டும். வளையல் காத்திருக்கிறது.