சம்பளக் கணக்கில் நுழையும் கால்பந்து

ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்யும் ஒன்றிய அரசின் மசோதா 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். சில நாட்களுக்குள் ட்ரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. ஆம்-இல்லை கணிப்புத் தளமான புரோபோவும் பணம் கட்டும் ஆட்டங்களை மூடியது. இனி இது போலீசும் வங்கிகளும் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம், தொழிற்சாலை நல அலுவலருக்கு இதில் வேலை இல்லை என்ற எண்ணம் நம் துறையில் எளிதாக இடம்பிடித்துவிடும். அந்த எண்ணம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் வடகால் வட்டாரத்தில் பந்தயத்தை நாம் சம்பளப் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிலாளி உழைத்து வாங்கிய கூலி வீடுபோய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது நம் கடமை என்றால், அது வழியில் எங்கே கரைகிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை அந்த இடத்தை மூடி மறைக்க மட்டுமே உதவும்.

கிரிக்கெட் பந்தயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஷிஃப்ட் தொழிலாளியின் நேரத்தோடு அதிகம் பொருந்துவது கால்பந்து. ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் பல நம் நேரப்படி நள்ளிரவைத் தாண்டி ஒன்று, ஒன்றரை மணி வாக்கில் தொடங்குகின்றன. பி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அறைக்குத் திரும்பியவர் உடம்பு அசந்தும் தூக்கம் பிடிக்காமல் போனைக் கையில் வைத்திருக்கும் நேரம் அது. கேரளம், வங்கம், அசாம், மணிப்பூர், மிசோரம் போன்ற இடங்களிலிருந்து வந்து இங்கே வாடகை வீடுகளில் நெருக்கியடித்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் பலருக்குக் கால்பந்து சொந்த ஊரின் விளையாட்டும்கூட. வெளிநாட்டுப் பந்தயத் தளங்களோ பெரிய லீக்குகளோடு நிற்பதில்லை. பெயரே கேள்விப்படாத ஊர்களின் மூன்றாம் நிலை ஆட்டங்களுக்கும் விடிய விடிய ரேட் போடுகின்றன. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி விளையாடத் தடை விதித்தன. அவை செல்லும் என்று அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஐந்து மணி நேரம் ஆபத்தானது என்று அரசும் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதே நேரத்தில் ஆட்களை விழித்திருக்க வைப்பவை நம் தொழிற்சாலைகள்.

“எனக்கு ஆட்டம் தெரியும்” என்பதே பந்தயம் கட்டுபவர் சொல்லும் முதல் நியாயம். அதை ஏளனம் செய்யாமல் கணக்கால் எதிர்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் சமவாய்ப்பு உள்ள ஒரு பந்தயத்துக்குத் தளம் தரும் ரேட் 1.90 என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் 190 கையில் வரும். தோற்றால் ஒன்றும் வராது. சராசரியாகத் திரும்புவது 95 ரூபாய். ஐந்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அந்த ஐந்து சதவீதம் கணக்கில் போட்ட முதலுக்கு இல்லை, கட்டும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். ஆட்டம் நடக்கும்போதே அடுத்த கார்னர், அடுத்த கோல் என்று ஓர் ஆட்டத்துக்கு ஐந்து முறை 200 ரூபாய் கட்டி, மாதம் இருபது ஆட்டம் பார்ப்பவர் மொத்தம் 20,000 ரூபாயைச் சுழற்றுகிறார். சராசரி இழப்பு 1,000 ரூபாய். நாலு ஆட்டங்களைச் சேர்த்து ஒரே சீட்டாகக் கட்டினால் நூற்றுக்குச் சுமார் 18.5 ரூபாய் தளத்துக்கே போகும். தோற்ற மாதத்தில் விட்டதைப் பிடிக்கத் தொகையைக் கூட்டுவது மனித இயல்பு. கடன் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தக் கணக்கைக் கேன்டீன் பலகையில் எழுதிப் போடப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் ஒரு மணி நேர நல்லொழுக்க உரையைவிடப் பயன் தரும்.

ஆட்டம் தெரிந்தவருக்கு அந்த ஐந்து சதவீதத்தைத் தாண்டும் திறமை இருக்கலாமே என்று கேட்கலாம். பெரிய அணிகளின் லீக் ஆட்டங்களில் மிகச் சிலருக்கு அது கைகூடக்கூடும். கோப்பை ஆட்டமும் தள்ளாடும் கிளப்பும் வேறு களம். நாக் அவுட் கோப்பையில் பெரிய அணி மாற்று ஆட்டக்காரர்களை இறக்குகிறது. லீக்கில் கீழே இறங்கிவிடும் அபாயத்தில் இருக்கும் அணி, கோப்பை போனாலும் போகட்டும் என்று முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு தருகிறது. போன பத்து ஆட்டங்களின் புள்ளிவிவரம் அங்கே அதிகம் உதவாது. யார் இறங்குகிறார்கள், யாருக்குச் சம்பளம் வரவில்லை, யார் மனம் விட்டுவிட்டார்கள் என்பவையே விலையை நகர்த்தும் செய்திகள். அவை உடைமாற்றும் அறையில் இருப்பவர்களுக்கு முதலில் தெரியும்; ஒரகடத்தில் போனில் பார்ப்பவருக்குக் கடைசியில் தெரியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் வென்ஸ்டே 1867இல் தொடங்கிய கிளப். 2025இல் அது பலமுறை ஆட்டக்காரர்களுக்கு உரிய தேதியில் சம்பளம் தரவில்லை. அக்டோபர் 24 அன்று திவால் நடைமுறையில் நிர்வாகி ஒருவரின் பொறுப்புக்குப் போய், 12 புள்ளிகளை இழந்தது. நம் ஊர்க் கிளப்பான சென்னையின் எஃப்.சி., இந்தியன் சூப்பர் லீக்கின் எதிர்காலம் நிச்சயமில்லாமல் போனதால் அதே ஆண்டு ஆகஸ்டில் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. இந்த கிளப்புகளில் யாரும் தவறு செய்ததாகச் சொல்லவில்லை. சம்பளம் நின்ற ஓர் அணியின் ஆட்டத்தைத் தொலைவிலிருந்து கணிக்க முடியாது என்று மட்டுமே சொல்கிறோம்.

தவறு நடக்கும்போதும் அது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கிறது. சிங்கப்பூரைச் சேர்ந்த வில்சன் ராஜ் பெருமாள் 2011 பிப்ரவரியில் பின்லாந்தில் பிடிபட்டார். உலகக் கால்பந்தில் சூதாட்டத்துக்காக ஆட்டங்களை விலைக்கு வாங்கியவர்களில் அதிகம் அறியப்பட்ட பெயர் அவருடையது. அவர் தேர்ந்தெடுத்தது ஐரோப்பாவின் பெரிய கிளப்பை அல்ல. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவானியெமி என்ற சிறு நகரத்தின் அணியை. பணம் வாங்கியதாகத் தண்டிக்கப்பட்ட ஒன்பது ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஜாம்பியாவிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அதே ஆண்டு, மூன்று முறை பின்லாந்து சாம்பியனான தாம்பேரே யுனைடெட், சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றிடமிருந்து 3 லட்சம் யூரோ வாங்கிய விவகாரத்தில் லீக்கிலிருந்தே விலக்கப்பட்டது. பணமில்லாத கிளப்புக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்கும் தெம்பு இல்லை. 2013இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கில் பட்டியலின் அடியில் கிடந்த சதர்ன் ஸ்டார்ஸ் அணியிலும் இதே கதை. இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் வழக்கில் சிக்கினார்கள். இந்தியாவிலும் 2024 பிப்ரவரியில், டெல்லி லீக்கில் ஆட்டக்காரர்கள் தங்கள் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளும் காணொளி நாடெங்கும் பரவியது, விசாரணை வந்தது. ஊரைவிட்டு வந்த, ஒப்பந்தத்தில் வேலை செய்யும், சம்பளம் தாமதமாகும் ஆட்களைத் தேடித்தான் தரகர் போகிறார். நம் கான்ட்ராக்ட் தொழிலாளியின் நிலையை அறிந்த எவருக்கும் அந்த ஆட்டக்காரரின் நிலை உடனே புரியும். ஓரிடத்தில் சம்பளம் கிடைக்காதவரை நம்பி, இன்னோரிடத்தில் சம்பளம் வாங்கியவர் பணம் கட்டுகிறார். நடுவில் இருப்பவருக்கு மட்டுமே இரண்டு பக்கமும் லாபம்.

இதைப் பந்தயம் என்று சொல்லாமல் வர்த்தகம் என்று விற்பவர்களும் உண்டு. ஆம் என்பதற்கு 6 ரூபாய், இல்லை என்பதற்கு 4 ரூபாய், ஜெயித்தவருக்கு 10 ரூபாய், நடுவில் கமிஷன் என்ற ஏற்பாடு பங்குச் சந்தைபோலத் தோற்றம் தரும். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஏப்ரல் 29 அன்று, இப்படிப்பட்ட கருத்து வர்த்தகத் தளங்கள் தன் கட்டுப்பாட்டில் வராதவை, முதலீட்டாளருக்கான பாதுகாப்பு எதுவும் அங்கே கிடையாது என்று எச்சரித்தது. ஆட்டத்தின் நடுவே விலைக்கு வாங்கி விலைக்கு விற்கலாம், கேஷ் அவுட் செய்து தப்பிக்கலாம் என்பதும் இதே வகை. மைதானத்தில் உட்கார்ந்து தகவல் அனுப்பும் ஆள், கோல் விழுந்த நொடியிலேயே தளத்துக்குச் சொல்லிவிடுகிறார். போனில் ஓடும் படம் அதற்குப் பல நொடிகள் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியில் வாங்குபவர் பழைய செய்தியை வாங்குகிறார்.

சரி, சட்டம் வந்துவிட்டதே என்ற மறுப்புக்கு வருவோம். சட்டத்தை இந்த இதழ் வரவேற்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். வங்கிகள் இதற்கான பணப் பரிமாற்றத்தைச் செய்யக் கூடாது. இந்தியாவில் பதிவு செய்து நடந்த செயலிகள் இதனால் அடங்கின. வெளிநாட்டுத் தளங்கள் ஏஜென்ட் மூலம், வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘ஐடி’ கொடுத்து நடக்கின்றன. அங்கே பணம் போவதும் வருவதும் யாரோ ஒருவரின் வாடகைக் கணக்கு வழியாக யூபிஐயில். நம் துறை கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த வாடகைக் கணக்கில் மோசடிப் பணமும் கலந்திருக்கும். ஏமாந்த யாரோ சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் செய்தால், அந்தப் பணம் தொட்ட கணக்குகள் வரிசையாக முடக்கப்படும். 800 ரூபாய் ஜெயித்து எடுத்த தொழிலாளியின் கணக்கும் அதில் ஒன்று. அதுதான் அவருடைய சம்பளக் கணக்கு என்றால், அடுத்த மாதச் சம்பளம் வந்து விழுந்தும் எடுக்க முடியாது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் நிற்கும், வாடகை நிற்கும், கடன் செயலியோ மீட்டர் வட்டிக்காரரோ உள்ளே வருவார். இன்னும் சிலர் மாதம் சில ஆயிரத்துக்காகத் தங்கள் கணக்கையே வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களுக்கு வழக்கே வரும்.

தொழிலாளி வேலைக்கு வெளியே என்ன செய்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம், நிர்வாகம் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது வலுவான மறுப்பு. போனைச் சோதிப்பது, வங்கி அறிக்கை கேட்பது, விடுதியில் உளவு பார்ப்பது ஆகியவற்றை நாமும் எதிர்க்கிறோம். ஆனால் முன்பணம் கேட்டு நம் மேசைக்கு வரும் விண்ணப்பம் நம் விஷயம். முடங்கிய கணக்கில் கிடக்கும் சம்பளமும் நம் விஷயம். பந்தயம் கட்டியவரை மன்னித்துவிட்டால் மற்றவர்களும் கற்றுக்கொள்வார்கள் என்ற எதிர்வாதம் நடைமுறையில் தலைகீழாகவே முடியும். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் விளையாடுபவருக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது; ஒன்றியச் சட்டம் விளையாடுபவரைத் தண்டிக்கவில்லை. தண்டனை பயமும் வேலை போகும் பயமும் சேர்ந்தால், ட்ரெய்னியாக இருப்பவர் கடைசி நாள்வரை வாய் திறக்க மாட்டார். திருட்டும் தற்கொலை முயற்சியும் அந்த மௌனத்தின் கடைசிப் படிகள். உலக சுகாதார நிறுவனம் சூதாட்டப் பழக்கத்தை நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது; நோயை மெமோ கொடுத்துக் குணப்படுத்த முடியாது.

தொழிற்சாலைச் சட்டம் 500 தொழிலாளர் உள்ள இடத்தில் நல அலுவலரை வைக்கச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு அதை 250ஆகக் குறைத்திருக்கிறது. இந்த வட்டாரத்தின் உதிரிபாக ஆலைகள் பலவும் இனி இந்த வரம்புக்குள் வரும். புதிதாகப் பொறுப்பேற்பவர்களிடம் இந்த இதழ் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறது. கணக்கு முடங்கியவருக்கு, வந்தது சம்பளம்தான் என்று வங்கிக்கும் சைபர் பிரிவுக்கும் அன்றே கடிதம் கொடுங்கள். புதுக் கணக்கு திறக்கும்வரை காசோலையாகத் தர ஊதியச் சட்டத்தில் இடம் உண்டு. பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தின் கதவைக் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் திறக்க நிர்வாகத்திடம் வாதாடுங்கள். சிறு கடன் உள்ளே கிடைத்தால் வெளியே கந்துவட்டிக்குப் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன கணக்கை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அசாமியிலும் எழுதிப் போடுங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணைச் சம்பளச் சீட்டின் அடியில் அச்சிடுங்கள். தானாக வந்து சொல்பவர்மீது அந்தக் காரணத்துக்காக நடவடிக்கை இல்லை என்று நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் மற்ற எதுவும் வேலை செய்யாது. இந்த மாதச் சம்பளத் தேதிக்கு முன்பே அதற்கான கோப்பை நகர்த்துங்கள்.