பாதி விலைக்கு ஃபாரின் கார்: மீதிப் பாதியை யார் கட்டினது?

நீளமான திரெட். கார் வாங்கற யோசனையில இருக்கறவங்க, முக்கியமா என் சக டாக்டர்கள், கடைசி வரைக்கும் படிங்க. கோபம் வந்தா பரவாயில்ல, கமெண்ட்ல திட்டுங்க.

"கிட்டத்தட்ட புது வண்டி டாக்டர். 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. இம்போர்ட்டட். ஷோரூம் விலையில பாதி." இந்த மாதிரி மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். கூடவே நாலு போட்டோ, ஒரு வாய்ஸ் நோட்டு. புதுக்கோட்டை மாதிரி ஊர்ல புரோக்கர் முதல்ல தேடறது டாக்டரைத்தான். ஏன்னா டாக்டர்னா பெரிய கார்ல வரணும்னு ஊரே முடிவு பண்ணி வச்சிருக்கு. நாமளும் அதை ரசிக்கிறோம்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வெளிநாட்டுல இருந்து இறக்கின கார், ஏறக்குறைய புதுசு, பாதி விலை. இந்த மூணும் ஒண்ணா சேர்ந்து வந்தா, விற்கிறவர் காட்ட வேண்டிய பேப்பர் ஒண்ணு இருக்கு. அதைக் காட்டலைன்னா அங்க யாரோ வரியைத் தின்னிருக்காங்க. அதுக்கான தண்டனை உங்க வீட்டு வாசல்ல நிக்கும்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். ஃபாரின் கம்பெனி கார் எல்லாம் இறக்குமதி கார் இல்ல. பிஎம்டபிள்யூ 2007ல இருந்து செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில கார் அசெம்பிள் பண்ணுது. மெர்சிடிஸுக்கு புனே பக்கம் சாகன்ல ஆலை. அந்த வண்டிகளை செகண்ட் ஹேண்டா வாங்கினா அது சாதாரண பழைய கார்தான், சுங்கத்துறை வராது. நான் பேசறது முழு வண்டியா கப்பல்ல வந்ததைப் பத்தி.

இனி கணக்கு. பயன்படுத்தின காரை இந்தியாவுக்குள்ள கொண்டு வர, அது தயாராகி மூணு வருஷத்துக்குள்ள இருக்கணும். வலது பக்கம் ஸ்டீயரிங் இருக்கணும். மும்பை துறைமுகம் வழியாத்தான் வரணும். அடிப்படை சுங்க வரி 125 சதவீதம், அதுக்கு மேல சர்சார்ஜ், ஆக 137.5 சதவீதமா இருந்தது. 2025 பட்ஜெட்ல அடிப்படை வரியை 70 ஆக்கி, மிச்சத்தை செஸ்ஸா மாத்தினாங்க. பேர் மாறுச்சு, சுமை குறையல. வெளிநாட்டுல 30 லட்சத்துக்கு வாங்கின பழைய காருக்குச் சுங்கம் மட்டும் 41 லட்சம். ஜிஎஸ்டி தனி. இவ்வளவையும் கட்டினவன் உங்களுக்கு ஏன் பாதி விலைக்குத் தரணும்? உங்க கைராசிக்காகவா?

நேர்மையான வழி ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். ஒருத்தர் முழு வரியும் கட்டிப் புதுசா வாங்கி, ரெண்டு வருஷத்துல அலுத்துப்போய் நஷ்டத்துக்கு விக்கலாம். பணக்காரங்க அப்படிச் செய்யறது உண்டு. ஆனா அவர்கிட்ட பில் ஆஃப் என்ட்ரியும் டீலர் பில்லும் இருக்கும். கேட்ட உடனே எடுத்துக் காட்டுவார்.

காட்டாதவங்க கதையைப் பார்ப்போம். 2025 செப்டம்பர்ல கேரளாவுல சுங்கத்துறை "ஆபரேஷன் நும்கோர்"னு சோதனை போட்டுச்சு. நும்கோர்னா பூட்டான் மொழியில வாகனம். பூட்டான் வழியா கடத்தி வந்து, ராணுவம், தூதரகம் பேர்ல போலிப் பேப்பர் தயார் பண்ணி, ஹிமாச்சல் மாதிரி தூர மாநிலத்துல பதிவு பண்ணி வித்தாங்கங்கறது குற்றச்சாட்டு. முப்பதுக்கும் மேல வண்டிகளை எடுத்துட்டுப் போனாங்க. பெரிய நடிகர்கள் வீட்டுலயும் சோதனை நடந்துச்சு. துல்கர் சல்மான், நான் நம்பிக்கையோடதான் வாங்கினேன்னு உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அவர் சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனாலும் வண்டியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியது அவர்தானே? அவருக்கு வக்கீல் படை இருக்கு. உங்களுக்கு அடுத்த நாள் டூட்டி இருக்கு.

"சுப்ரீம் கோர்ட்டே பின்னாடி வாங்கினவனைக் காப்பாத்தியிருக்கே"ன்னு யாராவது வருவீங்க. ஆமா. கொச்சி சுங்கத்துறை சம்பந்தப்பட்ட ஒரு போர்ஷே வழக்குல, கைமாறி வாங்கினவர் இறக்குமதியாளர் ஆக மாட்டார், அவர்கிட்ட வரி கேட்க முடியாதுன்னு 2024ல தீர்ப்பு வந்துச்சு. எத்தனை வருஷம் நடந்த வழக்குன்னு தேடிப் பாருங்க. வரி உங்ககிட்ட கேட்கக் கூடாதுங்கறது வேற, வண்டியையே பறிமுதல் பண்றது வேற. பறிமுதல் சரக்கைத் துரத்தும்.

நம்ம பக்கத்து மாவட்டக் கதை இன்னும் சுவாரசியம். 1994ல தஞ்சாவூர் விளாரைச் சேர்ந்த ம. நடராஜன், அதாவது சசிகலாவோட கணவர், லண்டன்ல இருந்து ஒரு லெக்ஸஸ் இறக்கினார். புத்தம்புது காரை 1993ல தயாரான பழைய கார்னு பேப்பர்ல காட்டினதா சிபிஐ வழக்கு. வரி இழப்பு 1 கோடியே 6 லட்சம்னு கணக்கு. 2010ல ரெண்டு வருஷத் தண்டனை, 2017ல சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. ஒரு காருக்காக 23 வருஷம்! இன்னைக்கு புரோக்கர் பழசைப் "புதுசு மாதிரி"ன்னு விக்கிறான், அன்னைக்குப் புதுசைப் "பழசு"ன்னு இறக்கினாங்க. தொழில் ஒண்ணுதான்.

(விஜய்யோட ரோல்ஸ் ராய்ஸை இங்க இழுக்காதீங்க. அது 2012ல முறையா வந்த கார். நுழைவு வரி கட்டணுமாங்கறதுதான் வழக்கு. நீதிபதி சொன்ன கடுமையான வார்த்தைகளை 2022ல டிவிஷன் பெஞ்ச் நீக்கிடுச்சு. ரசிகர் சண்டை வேற திரெட்ல.)

அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் நிறைய வீட்டுல ஒருத்தராவது வெளிநாட்டுல இருக்காங்க. "துபாய்ல ஓட்டின காரையே கொண்டு வந்துடலாமா அண்ணே?"ன்னு கேக்கறாங்க. தம்பி, அங்க ஸ்டீயரிங் இடது பக்கம், கதை அதோட முடிஞ்சது. சிங்கப்பூர் கார் வலது பக்கம்தான். ஆனா மூணு வருஷக் கணக்கும், மும்பையும், மேல சொன்ன வரியும் உங்களுக்கும் உண்டு. பாலைவனத்துல வியர்வை சிந்தின காசை இதுல போடாதீங்க.

இப்ப என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போற காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 1 கோடி ரூபாய் காருக்கு 20 லட்சம். இதைத் தப்பிக்கத்தான் பாண்டிச்சேரி நம்பர், ஹிமாச்சல் நம்பர் எல்லாம். சாலை விபத்துல அடிபட்டு வர்றவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தர்ற "நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பர்ல தொடங்கினப்ப, ஒரு ஆளுக்கு உச்சவரம்பு 1 லட்சம். ஒரு கார் ஏமாத்தின ஆயுள் வரி, இருபது பேரோட முதல் 48 மணி நேரம். கேஷுவால்ட்டியில ஸ்ட்ரெச்சர் பத்தலைன்னு எங்களைத் திட்டறவரே வெளியில பாண்டிச்சேரி நம்பர் வண்டியை நிறுத்தியிருந்தா நான் என்ன பதில் சொல்ல?

"பாதுகாப்புக்காகத்தான் டாக்டர் பெரிய கார்" – இதுதான் ரொம்பப் பேர் சொல்ற காரணம். 2022 செப்டம்பர் 4, மகாராஷ்டிரா பால்கர். சைரஸ் மிஸ்திரி போனது மெர்சிடிஸ் ஜிஎல்சி. ஓட்டினவர் ஒரு மகப்பேறு மருத்துவர். முன்சீட்ல இருந்த ரெண்டு பேரும் பலத்த காயத்தோட பிழைச்சாங்க. பின்சீட்ல இருந்த ரெண்டு பேரும் பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னது. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. காரைக் குறை சொல்லல. ஏர்பேக்குங்கறது பெல்ட்டுக்குத் துணை, பெல்ட்டுக்குப் பதில் இல்ல. பின்சீட்ல பெல்ட் போட்டா நம்ம ஊர்ல சொந்தக்காரங்க சிரிப்பாங்க. குழந்தையை மடியில வச்சுக்கிட்டு முன்சீட்ல உட்கார்ந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க.

நம்ம திருச்சி ரோட்டுல ராத்திரி மாடு குறுக்க வரும், லைட் இல்லாத டிராக்டர் வரும். அதுல எந்த நாட்டு கார்ங்கறதைவிட எந்த வேகம்ங்கறதுதான் எலும்பைத் தீர்மானிக்குது. 2023 அக்டோபர்ல இருந்து பாரத் என்கேப்னு நம்ம நாட்டுலயே மோதல் சோதனை இருக்கு. நெக்ஸான், எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓ எல்லாம் அஞ்சு ஸ்டார் வாங்கின வண்டிங்க. விலையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

அரசு டாக்டர்களுக்குத் தனியா ரெண்டு வரி. நம்ம அடிப்படைச் சம்பளம் 56,100ல ஆரம்பிக்குது. குறிப்பிட்ட தொகைக்கு மேல அசையும் சொத்து வாங்கினா மேலதிகாரிக்குத் தெரியப்படுத்தணும்னு நடத்தை விதி இருக்கு. சந்தேகமான பேப்பரோட வந்த காரை என்னன்னு எழுதிக் கொடுப்பீங்க? புதுக்கோட்டையில அதுக்கு சர்வீஸ் சென்டரும் கிடையாது. ஒரு சென்சார் போனா டோ வண்டியில ஏத்தித் திருச்சி, இல்லைன்னா சென்னை.

இதுக்கு மேலயும் வாங்கணும்னா வாங்குங்க, உங்க காசு. பில் ஆஃப் என்ட்ரியை முதல்ல வாங்கிப் பாருங்க. அதுல இருக்கற சேசிஸ் நம்பரை நீங்களே குனிஞ்சு வண்டியில ஒத்துப் பாருங்க, போட்டோவை நம்பாதீங்க. முதல் பதிவு எந்த மாநிலம், எத்தனை கை மாறியிருக்குன்னு ஆர்டிஓ ரெக்கார்டுல எடுங்க. "அதெல்லாம் கிளியர் சார், அட்வான்ஸ் போடுங்க, அப்புறம் தர்றேன்"னு சொன்னா போனை வச்சுடுங்க.

தயவுசெஞ்சு டிஎம்ல வண்டி போட்டோ அனுப்பி "இது ஓகேவா டாக்டர்?"னு கேக்காதீங்க. எக்ஸ்ரே அனுப்புங்க, பார்க்கறேன்.