பழைய பிக்கப்பில் ஸ்டீயரிங் ஆடுதா? ஸ்க்ரூவை முறுக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ஸ்டீயரிங்கை அரைச் சாண் திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை. நேர் ரோட்டில்கூட வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. கேட்டால், ‘பழைய வண்டின்னா அப்படித்தான்’ என்று பதில் வரும்.

ஜீப் வழி வந்த பழைய மஹிந்திரா பிக்கப்பைத் தேடிப்பிடித்து வாங்கும் பலரும் முதலில் செலவு செய்வது பெயின்ட்டுக்கும் சீட்டுக்கும்தான். ஸ்டீயரிங் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். பாகங்கள் தேய்வது வயதின் இயல்பு. தேய்ந்தது தெரிந்தும் ஓட்டுவது உரிமையாளரின் தவறு.

விதி என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 98-வது விதிப்படி, ஸ்டீயரிங்கில் வெற்று ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் உள்ள இடைவெளிதான் 30 டிகிரி. 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது சுமார் 10 செ.மீ. பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால், 30 டிகிரி என்பது கடைசி எல்லை. ‘அதுவரைக்கும் ஓட்டலாம்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லோரும் செய்யும் தவறு

ஆட்டம் என்றதும் ஸ்டீயரிங் பாக்ஸில் உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை ரெண்டு சுற்று முறுக்கிவிடுவார்கள். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், பாக்ஸுக்குள் நடுப்பகுதிதான் அதிகம் தேய்ந்திருக்கும். அதற்கு ஏற்ப இறுக்கினால், திருப்பும்போது ஓரங்களில் பிடிக்கும். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. தேய்ந்த டை ராட் எண்டு வேறு அப்படியே இருக்கும். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்!

ஆட்டம் எங்கே இருக்கு?

இதைக் கண்டுபிடிக்க ரெண்டு பேர் போதும். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக இடம் வலமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் பாக்ஸில் தொடங்கி டிராக் லிங்க், டை ராட் எண்டு என ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் அசையாத மூட்டில்தான் தேய்மானம். பாக்ஸே சேஸியில் அசைந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறதா, சேஸியில் விரிசல் உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

அடுத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு இருப்பவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் அல்லது புஷ். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பாக்ஸைத் தொட வேண்டும்.

பராமரிப்பு இவ்வளவுதான்

அந்தக் காலத்து ஜீப் கையேடுகள் ஸ்டீயரிங் மூட்டுகளுக்கு 1,000 மைலுக்கு, அதாவது சுமார் 1,600 கி.மீ.க்கு ஒருமுறை க்ரீஸ் அடிக்கச் சொல்கின்றன. கிழிந்த ரப்பர் மூடியை உடனே மாற்ற வேண்டும். அதன் வழியாகப் புகும் மண்ணும் தண்ணீரும்தான் மூட்டை அரிக்கின்றன. பாக்ஸில் எண்ணெய் அளவையும் டயரில் காற்றையும் பார்க்க வேண்டும். டை ராட் எண்டு மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

பெயின்ட் மங்கினால் வண்டி அழகு குறையும், அவ்வளவுதான். மிகவும் தேய்ந்த ஒரு பால் ஜாயின்ட் ஓடும்போது கழன்றால், ஸ்டீயரிங் கையில் இருக்கும். சக்கரம் ஓட்டுநரின் பேச்சைக் கேட்காது. எதிரே வருபவருக்கு அந்த வண்டி எந்த வருஷத்து மாடல் என்பது முக்கியமில்லை.